சாய்ந்த எலும்பு

நீலப்பாறை கிளப்பின் நடுமேசையில் கிடந்த பச்சைத் துணியை எஸ்டேட் மேனேஜர் சுந்தரேசன் இரண்டு விரலால் பிடித்து மெல்ல விலக்கினார். கோயிலில் திரை விலக்குகிற குருக்கள்கூட அத்தனை பாவனை காட்டுவதில்லை. துணிக்கடியில் ஒரு பழைய கிட்டார் இருந்தது.

"அமெரிக்காவிலெ பண்ணினது, கேட்டியா பர்வதம்? நாப்பது வருஷம் முன்னாடி. பழைய மேனேஜர் பெல்லாமி துரை சீமைக்குப் போறச்சே கிளப்புக்குன்னு விட்டுட்டுப் போனார். போன மாசம் இந்த அலமாரியிலேர்ந்து களவு போச்சு. ஃபாக்டரி ஃபிட்டர் சுவக்கீன் இருக்கானே, அவன் லயத்து வீட்டிலெ கெடச்சது. அவன் லாக்கப்பிலெ. கேஸ் முடிஞ்சாச்சு."

"முடிஞ்ச கேஸுக்கு என்னெ எதுக்காக்கும் பாலக்காட்டிலேர்ந்து விளிச்சேள்?" என்றாள் பர்வதம்.

பர்வதத்துக்கு நாற்பத்திரண்டு வயது. கல்பாத்தியில் வீணை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவள். தெருவில் காணாமல் போன ஒரு வைரத்தோட்டை, போலீஸ்காரர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அன்றோடு வீணைக்கு உறை போட்டாயிற்று. இந்த எழுபத்துநாலாம் வருஷத்தில் வாளையார் முதல் தேவிகுளம் வரைக்கும் அவள் பெயரைக் கேட்டால் திருடர்களுக்குக் கோபம் வரும், போலீஸ்காரர்களுக்கு அதைவிட அதிகமாக வரும்.

"அந்த ஏட்டு ஏசுரத்தினம் சார்ஜ் எழுத மாட்டேங்கறான். யூனியன்காராளைக் கண்டா அவனுக்கு நடுக்கம். வெளியாள் ஒருத்தர் பார்த்து, இது துரையோட கிட்டார்தான், கிளப் சொத்துதான்னு சொன்னா மதி, போரும். நீ நம்ம தெரு. ஒன் அப்பாதான் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார்."

"ஆமா. அது பலிக்கவே இல்லைன்னு கடைசி வரைக்கும் சொல்லிண்டிருந்தார்."

வாசற்கதவருகே நின்றிருந்த மாரப்பன் இருமுவதுபோல் சிரித்தான். மாரப்பன் கொழிஞ்சாம்பாறைக்காரன். வாளையார் வழியாகப் பத்து வருடம் சிமெண்ட் லாரி ஓட்டிவிட்டு, இப்போது பர்வதத்தின் ஜீப்பையும் பர்வதத்தின் கோபத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"சுவக்கீன் பெண்டாட்டி?" என்று பர்வதம் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ளெ லயத்தைக் காலி பண்ணச் சொல்லியாச்சு. திருடன் குடும்பத்துக்குக் கம்பெனி எதுக்கு வீடு தரணும்?" சுந்தரேசன் இதைச் சொன்னபோது கைக்குட்டையால் கிட்டாரின் விளிம்பைத் துடைத்தார்.

பர்வதம் மேசையில் குனிந்தாள். வீணைக்காரர்கள் கம்பியைத் தாங்கும் கட்டையைக் குதிரை என்பார்கள். இந்தக் கிட்டாரிலும் வயிற்றுப்பக்கம் ஒரு கருமரக் குதிரை ஒட்டியிருந்தது. இரண்டு நுனியிலும் சின்னச் சின்னக் கோபுரம் செதுக்கிய பழங்காலத்து வேலை. அதன் நடுவே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே வெட்டு. அந்த வெட்டுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை நின்றது. ஆறு கம்பியும் அதன்மேல்தான் ஏறிப்போயின.

"அந்தப் பட்டைக்குப் பேர் சேடில்" என்றார் சுந்தரேசன். "குதிரைமேலெ போடற சேணம். இப்போ பண்றவா ரெண்டு ஓரத்தையும் அடைச்சுடறா. பழசிலெதான் இப்படித் தொறந்து இருக்கும். பேசப் போனா, இந்த எலும்புப் பட்டைகூட துரை காலத்துதுதான். திருடன் ஒண்ணையும் மாத்தலை. நான் எப்படி வெச்சிருந்தேனோ அப்படியே திரும்பக் கெடச்சிருக்கு."

"நீங்க வாசிப்பேளா?"

"சனிக்கெழமை தோறும். துரை போன நாள்லேர்ந்து நான்தான் வாசிச்சிண்டு வரேன். அலமாரிச் சாவி என் இடுப்பை விட்டுப் போனதே இல்லை. வேறே ஒருத்தன் கை இதுமேலெ பட்டதில்லை."

"எங்கே, வாசியுங்கோ."

சுந்தரேசன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டார். இடது கை கழுத்தைப் பிடித்தது, வலது கை கம்பியைத் தட்டியது. முதலில் இரண்டு தட்டு பரவாயில்லை. விரல் கழுத்தில் மேலே ஏற ஏறச் சத்தம் புளித்துப்போயிற்று. மெல்லிய கம்பி ஈ மாதிரி ரீங்காரம் போட்டது.

"ஏனுங்க, அச்சு முறிஞ்ச லாரியக்கூட இதைவிடச் சுதியாக் கேட்டிருக்கறனுங்க" என்றான் மாரப்பன்.

"டிரைவருக்குச் சங்கீதத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"லாரியப் பத்தித்தானுங்க சொன்னேன்."

பர்வதம் கிட்டாரை வாங்கி, வெளிச்சத்தில் பட்டையைப் பார்த்தாள். ஒவ்வொரு கம்பியையும் மேலே ஓரிடத்தில் அழுத்தி ஒருமுறை மீட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஆறு கம்பியும் ஒக்கப் புதுசு. எப்போ மாத்தினேள்?"

"முந்தாநாள். களவு போன சாமான், சுத்தம் பண்ண வேண்டாமா?"

"தடிக் கம்பி பட்டையிலெ தேஞ்ச ஒல்லிப் பள்ளத்துமேலெ உட்கார முடியாம நிக்கறது. ஒல்லிக் கம்பி தடிப் பள்ளத்துக்குள்ளெ விழுந்து கெடக்கறது. அதனாலெதான் ஈ கத்தறது. இன்னொண்ணு, தடிக் கம்பிக்குக் கொஞ்சம் நீளம் ஜாஸ்தி வேணும். அதுக்காக அந்தப் பக்கம் பட்டையைப் பின்னாலெ தள்ளிச் சாய்ச்சு வெப்பா. இதிலெ நேர்மாறாச் சாஞ்சிருக்கு. தடிக் கம்பி சுருதிக்கு மேலெ போறது, ஒல்லிக் கம்பி கீழெ போறது. எத்தனை வாசிச்சாலும் சேராது."

"பழைய வாத்தியம்னா அப்படித்தான்."

"பழசுன்னு இல்லை. இது இடதுகைக்காரனுக்குன்னு பண்ணின கிட்டார். கம்பியை மாத்திட்டேள், சாய்வை மாத்த முடியுமா?"

சுந்தரேசன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். மாரப்பன் உற்சாகமாகச் சுவரைக் காட்டினான். அங்கே சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று தொங்கியது. கிளப் வராந்தாவில் பெல்லாமி துரை கிட்டாரும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். வலது கையால்தான் மீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்படீன்னா இது துரை கிட்டாரே இல்லீங்களே! அந்த மனுசன் வலதுகையாலதானுங்க வாசிக்கறாரு."

"முட்டாள்தனமாப் பேசாதே" என்று சீறினார் சுந்தரேசன். "அதிலெ பார், வட்டத் துளை பக்கத்திலெ சுருட்டுச் சூடு. இதிலெயும் பார், அதே சூடு!"

பர்வதம் படத்தருகே போனாள். மாரப்பனைக் கிட்டாரைத் தூக்கிப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள். சூடு இரண்டிலும் இருந்தது. ஆனால் கிட்டாரில் துளைக்கு இடப்பக்கம் இருந்தது, படத்தில் வலப்பக்கம் இருந்தது. துரையின் சட்டைப்பையும் வலது மார்பில் இருந்தது.

"நெகட்டிவைத் திருப்பி வெச்சுப் பிரிண்ட் போட்டிருக்கான்" என்றாள். "நிஜத்திலெ துரைக்கு இடதுகைதான் வழக்கம். இது அவர் கிட்டார்தான்."

சுந்தரேசனின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "பார்த்தியா? நீயே சொல்லிட்டே! எழுதித் தா."

"ரெண்டு நாளிலெ தரேன்" என்று சொல்லிவிட்டுப் பர்வதம் படியிறங்கினாள்.

ஜீப்பைக் கிளப்பும்போது மாரப்பன் முணுமுணுத்தான். "நல்லா இருக்குதுங்க. அந்தாளு கயித்தைத்தான் கொண்டாந்தான், சுருக்கை நாமளே போட்டுக் குடுத்துட்டமுங்க."

"சனிக்கெழமை தோறும் வாசிச்சேன்னானே, அது பொய். அந்தப் பள்ளத்திலெ முந்தாநாள் வரைக்கும் வலதுகைக் கம்பி ஏறினதில்லை."

"அப்பப் போய் ஏட்டுகிட்டச் சொல்லிப்போடலாமுங்க."

"சொன்னா என்ன ஆகும்? மேனேஜருக்கு வாசிக்கத் தெரியாதுன்னு ஆகும். அது இந்த மலையிலெ நாய்க்குக்கூடத் தெரியும். சுவக்கீன் திருடலைன்னு ஆகாதே."

"அந்தாளுக்கு எதுக்குங்க இவ்வளவு பாடு? பொறத்தால கிளப் சமையக்காரன்கிட்ட விசாரிச்சேன். அடுத்த வாரம் கல்கத்தாவுலருந்து டைரக்டரு வர்றாருங்களாம். பழைய கிட்டாருன்னா அவருக்கு உசுருங்களாம். தச்சன் பெட்டிகூடச் செஞ்சு வெச்சிருக்கறானுங்க, பஞ்சு போட்டு."

"ஜெனரல் மேனேஜர் நாற்காலி காலியாகப் போறது, இல்லையோ. அதுக்கு ஒரு கைக்கூலி வேணும். ஒருத்தன் வீட்டுச் சாமானைத் திருடி இன்னொருத்தன் காலிலெ வெக்கறதை இவாள்லாம் மரியாதைன்னு சொல்லுவா."

நீலப்பாறை போலீஸ் அவுட்போஸ்ட் ஒரு அறையும் ஒரு கம்பிக்கதவும்தான். ஏட்டு ஏசுரத்தினம், தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்டேட்டையும் பகைக்க முடியாமல் யூனியனையும் பகைக்க முடியாமல் மெலிந்துபோன மனிதர்.

கம்பிக்கு அப்பால் சுவக்கீன் எழுந்து நின்றான். முப்பத்தைந்து வயது, மிஷினெண்ணெய் ஏறிய விரல்கள். மாரப்பன் நீட்டிய டீயை இடது கையால் வாங்கினான்.

"கிட்டார் எப்படி உன்கிட்ட வந்தது?" என்றாள் பர்வதம்.

"துரை குடுத்தாரும்மா. போற அன்னைக்கு என்னைக் கூப்பிட்டாரு. இந்த மலையில இடதுகையில வாசிக்கவுக நாங்க ரெண்டு பேருதான். 'வேற எவன்கிட்டக் குடுத்தாலும் இது வெறகுக்கட்டைடா'ன்னு சொல்லிக் குடுத்தாரு. அன்னைலேர்ந்து மாதா கோயில்ல அதைத்தான் வாசிக்கேன்."

"யாராவது பார்த்தாளா?"

"கோயிலுக்கு வாரவுக எல்லாம் பாத்திருக்காக. வந்து சொல்லச் சொல்லுங்க பாப்போம். சொன்னவன் லயத்தையும் காலி பண்ணச் சொல்லிருவாரு."

ஏட்டு தொப்பியை இன்னும் கவனமாகப் பார்த்தார்.

"அந்த வெள்ளைப் பட்டை துரை காலத்துதா?"

சுவக்கீனின் தலை சட்டென்று நிமிர்ந்தது. "இல்லம்மா. துரை வச்சிருந்தது வெடிச்சுப்போச்சு. ரெண்டு வருசம் முந்தி நான் ராவிச் செஞ்சு போட்டது இது."

"எதிலெ செஞ்சே?"

அவன் ஏட்டைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "மாட்டெலும்பும்மா."

"மாட்டெலும்புன்னா புள்ளி புள்ளியா ஓட்டை தெரியும். அதிலெ ஒரு புள்ளி இல்லை, மெல்லிசா வலை மாதிரி ரேகை ஓடறது. மாட்டுக்குத் தந்தம் முளைச்ச கதையை நான் இப்பத்தான் கேக்கறேன்."

சுவக்கீன் டீக்குவளையைக் கீழே வைத்தான். பர்வதத்துக்கு எரிச்சல் வந்தது. பொய் சொல்கிற பெரிய மனிதர்களைவிட, உண்மையை விழுங்குகிற சின்ன மனிதர்கள்மேல் அவளுக்குக் கோபம் அதிகம். ஏட்டை வெளியே போகச் சொன்னாள். அவர் நன்றியோடு போனார்.

"ஞாயித்துக்கெழமை உன் பெண்டாட்டி சட்டி பானையோட ரோட்டிலெ நிப்பா. நீ இங்கே மாட்டெலும்பு கதை சொல்லிண்டிரு."

"சின்னமுத்து குடுத்தான்" என்றான் அவன் தணிந்த குரலில். "முந்தி இங்கதான் ஃபாக்டரியில இருந்தான். இப்பக் கம்பம்மெட்டுல ஏலக்கா மூட்டை தூக்குதான். அதுக்கு மேல என்னைக் கேக்காதீகம்மா. சொன்னா என்மேல இன்னொரு திருட்டுக் கேஸு போட்டுருவாக. அவனையும் தேடிப் பிடிப்பாக."

வெளியே வந்ததும் மாரப்பன் சொன்னான். "குதிரை இருக்குது, சேணமும் இருக்குது, ஓட்டறவன் மட்டும் லாக்கப்புல இருக்கறானுங்க. இனி எக்கட்டங்க?"

"கம்பம்மெட்டு."

மறுநாள் விடியலில் கிளம்பினார்கள். நெடுங்கண்டம் தாண்டிக் கம்பம்மெட்டு போய்ச் சேர்வதற்குள் ஜீப் இரண்டு முறை கொதித்தது, பர்வதம் ஒரு முறை கொதித்தாள். எல்லை முக்கில் லாரிகள் வரிசையாக நின்றன. ஏலக்காய் வாசனை டீசல் புகையோடு சேர்ந்து மூக்கில் ஏறியது. சரக்குக் கிட்டங்கி ஒன்றின் வாசலில் ஒருவன் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். எல்லோரும் இரு தோளிலும் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். அவன் மட்டும் வலது தோளிலேயே சுமந்தான். இடது கை மார்புக்கு மேல் எழும்பவில்லை.

"சின்னமுத்தா?"

"யாரு நீங்க?"

"நீலப்பாறையிலேர்ந்து வரோம்."

அவன் திரும்பி ஓரமாகக் காறித் துப்பிவிட்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.

"மேனேஜர் அனுப்பலை" என்றாள் பர்வதம். "சுவக்கீன் லாக்கப்பிலெ இருக்கான்."

மூட்டை பாதி எழும்பிய நிலையில் நின்றது. மாரப்பன் போய் மறுமுனையைப் பிடித்து லாரியில் ஏற்றினான். பர்வதம் கிட்டார் கதையைச் சொன்னாள். சின்னமுத்து வேலையை விட்டுவிட்டுக் கேட்டான்.

"எலும்பு யாரு குடுத்தான்னு கேட்டதுக்கு என்ன சொன்னான்?"

"மாட்டெலும்புன்னான்."

"கூறுகெட்ட பய" என்றான் சின்னமுத்து. அதில் கோபமே இல்லை. "எனக்காகத்தான் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கான். இந்தத் தோளுக்கு என்ன ஆச்சுன்னு சொன்னானா?"

"இல்லை."

"இருங்க, காட்டுதேன்."

கிட்டங்கிக்குப் பின்னால் போய், சாக்குத்துணியில் சுற்றிய நீளமான பொருள் ஒன்றைக் கொண்டுவந்து பர்வதத்தின் கையில் வைத்தான். அவள் சாக்கை ஒரு முனையில் விலக்கிப் பார்த்தாள். பிறகு இந்தக் கேஸில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"உன் தோளைப் பத்தி விசாரணை நடந்திருக்குமே, அதிலெ இதை ஏன் காட்டலை?"

"விசாரணை நடந்தப்ப நான் தேனி ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக் கிடந்தேன். நான் வர்றதுக்குள்ள முடிச்சு மூடிட்டாக. கேக்காத எடத்துல எதைக் கொண்டுபோய்க் காட்ட?"

"இப்போ கேக்கறேன். ஜீப்பிலெ ஏறு."

"அந்த எஸ்டேட்டு கேட்டுல இனிக் கால் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தவன் நான்."

"கால் வைக்க வேண்டாமுங்க" என்றான் மாரப்பன். "ஜீப்புக்கு நாலு டயரு இருக்குது. அதை வெச்சுக்கலாம்."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளப் ஹாலில் சுந்தரேசன் புதுக்கோட்டு அணிந்து உட்கார்ந்திருந்தார். பர்வதம் எழுதித் தரப்போகிறாள் என்ற நம்பிக்கையில் பேனாவுக்கு மைகூட ஊற்றி வைத்திருந்தார். ஏட்டு ஏசுரத்தினம் சுவக்கீனோடு வந்தார். சின்னமுத்துவும் மாரப்பனும் ஜீப்பிலேயே இருந்தார்கள்.

"ஏட்டய்யா முன்னாலெ ஒரு தரம் சொல்லிடுங்கோ" என்றாள் பர்வதம். "துரை போனதிலேர்ந்து கிட்டார் எங்கே இருந்தது?"

"இந்த அலமாரியிலெ. சாவி என் இடுப்பிலெ. போன மாசம் வரைக்கும்."

"திருடன் இதிலெ எதையாவது மாத்தியிருக்கானா?"

"ஒண்ணும் இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனே. நான் வெச்சிருந்தபடியே இருக்கு."

"இந்த வெள்ளைப் பட்டை?"

"துரை போட்டது. எத்தனை தரம் என் கையாலெ தொடச்சிருக்கேன்!"

"எழுதிக்கோங்கோ ஏட்டய்யா. அழகாச் சொல்றார், வீணாப் போகப்படாது."

பர்வதம் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். வெட்டின் ஓரம் திறந்திருந்ததால், பட்டையை விரலால் தள்ளியதும் அது பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தது. புதுக்காலத்துக் கிட்டார் என்றால் அதைக் கொறடு வைத்துப் பிடுங்கவேண்டியிருக்கும். பட்டையைத் திருப்பிப் பிடித்தாள். வெட்டுக்குள் மறைந்திருந்த பக்கத்தில், கருப்பு மை ஊறிய கோடுகள் மூன்று இடத்தில் வளைந்து வளைந்து தெரிந்தன.

"இதென்ன, துரை கிறுக்கினதா?" என்று கேட்டுவிட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "மாரப்பா, கூட்டிண்டு வா."

சின்னமுத்து உள்ளே வந்தான். அந்த ஹாலுக்குள் செருப்போடு நடந்த முதல் தொழிலாளி அவன்தான். சாக்கை அவிழ்த்து மேசைமேல் போட்டான். நடுவில் முறிந்த ஒரு கருங்காலிப் பிரம்பு. அதன் பிடி தந்தம். அந்தப் பிடியிலும் பாதியைக் காணோம், நீளவாக்கில் ரம்பம் வைத்து அறுத்திருந்தது.

சுந்தரேசன் எழுந்திருக்கப் பார்த்தார். பிறகு கோட்டுப் பித்தானைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பர்வதம் பட்டையைப் பிடியின் அறுத்த பக்கத்தில் பொருத்தினாள். மேல்பாதிக் கோடும் கீழ்பாதிக் கோடும் சேர்ந்தன. எஸ். ஆர். எஸ். என்று மூன்று ஆங்கில எழுத்துகள் முழுசாக நின்றன. ஏட்டு குனிந்து பார்த்தார். பிறகு மேனேஜரின் கோட்டுப்பையில் பூவேலையாகத் தைத்திருந்த மூன்று எழுத்துகளைப் பார்த்தார். அவையும் அவைதான்.

"ரெண்டு வருசம் முந்தி ஃபாக்டரி வாசல்ல வச்சு என் தோள்ல போட்டு முறிச்சது" என்றான் சின்னமுத்து. "ஒரு மணி நேரம் லேட்டா வந்தேன். பொண்டாட்டிக்குப் பேறுகாலம். முறிஞ்சதும் தூக்கி ஓடையில எறிஞ்சிட்டுப் போயிட்டாரு. நான் பெறக்கி வச்சுக்கிட்டேன். எஸ்டேட்ட விட்டுப் போறப்ப, இவன் கிட்டார்ல எலும்பு வெடிச்சுப்போச்சுன்னான். பிடியில பாதியை அறுத்து இவன்கிட்டக் குடுத்தேன்."

"ஏட்டய்யா, அந்த விசாரணையிலெ நீங்களும் இருந்தேள் இல்லையா?"

ஏசுரத்தினம் நெடுநாளைக்குப் பிறகு முதுகை நிமிர்த்தினார். "இருந்தேம்மா. தந்தப்பிடி போட்ட பிரம்பே தன்கிட்ட இருந்ததில்லைன்னு அய்யா பைபிள் மேல, கீதை மேல, கேட்ட புஸ்தகம் எல்லாத்து மேலயும் சத்தியம் பண்ணாரு. சின்னமுத்து பாறையில வழுக்கி விழுந்தான்னு முடிச்சாக."

"இப்போ எனக்கு ஒரே ஒரு சந்தேகம்" என்றாள் பர்வதம். குரலில் தேன் ஒழுகியது. மாரப்பனுக்கு அந்தத் தேன் தெரியும், அவன் இரண்டடி பின்வாங்கினான். "இந்தப் பிரம்பு உங்களுதா, இல்லையா?"

சுந்தரேசன் வாயைத் திறந்தார்.

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்களுதுன்னா, இவன் தோளை முறிச்சது நீங்க, சத்தியம் பண்ணினதும் பொய். உங்களுது இல்லைன்னா, இது சின்னமுத்து சுவக்கீனுக்குக் குடுத்த தந்தம். ரெண்டு வருஷமாக் கம்பி ஏறி ஏறிப் பள்ளம் விழுந்திருக்கு. பூட்டின அலமாரிக்குள்ளெ இருந்த கிட்டாருக்குள்ளெ இது எப்படிப் போச்சு? கிட்டார் அலமாரியிலெ இருந்ததே இல்லைன்னு ஆறது. ஒண்ணு சொல்லுங்கோ. எதைச் சொன்னாலும் எனக்குச் சந்தோஷம்."

மூவாயிரம் பேருக்கு உத்தரவு போட்ட மனிதர் எது மலிவு என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பர்வதத்தின் அப்பா சொன்னது சரிதான், கணக்கு வரவில்லை.

"என்னோடது இல்லை" என்றார் கடைசியில்.

"எழுதிக்கோங்கோ ஏட்டய்யா. பிரம்பு அவருது இல்லை. கிட்டாரும் அவருது இல்லை. கோட்டுமேலெ இருக்கற எழுத்து யாருதுன்னு யூனியன் புது விசாரணை கேக்கறச்சே சொல்லுவார்."

ஏட்டு சுவக்கீனின் கைவிலங்கைத் திறந்தார். "சாட்சிச் சாமான்" என்று இழுத்தார்.

"கூப்பிட்ட அன்னைக்குக் கிட்டாரோட வந்து நிக்கேன் அய்யா" என்றான் சுவக்கீன். அவன் கண் இப்போது தரையைப் பார்க்கவில்லை. "பிரம்பு இவன்கிட்ட இருக்கு."

"அப்படீன்னா வெளியில ஒருத்தனை அனுப்பி, உன் பொண்டாட்டி சவேரியம்மாகிட்டச் சாமான் கட்ட வேண்டாம்னு சொல்லுதேன்" என்று ஏட்டு கிளம்பினார். போகும்போது தொப்பியை மாட்டிக்கொண்டார்.

சுந்தரேசன் பர்வதத்தின் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் பேசினார். "பர்வதம், இது ஒண்ணும் நம்ம தெருவிலெ தெரிய வேண்டாம். நாம ஒரே மனுஷா."

"தெருவுக்கு உங்களைப் பத்தி ஒக்க முன்னாடியே தெரியும். அதனாலெதான் அங்கே ஒருத்தரும் உங்களை விஜாரிக்கறதே இல்லை."

"டைரக்டருக்குன்னு பெட்டி செஞ்சிருக்குதுங்களே, பஞ்சு போட்டு" என்றான் மாரப்பன் கவலையோடு. "அதுல என்னத்தைங்க வெக்கறது? உங்களுக்கு நீளம் பத்தாதுங்க."

சுந்தரேசன் எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை, யாரும் திரும்பியும் பார்க்கவில்லை.

வராந்தாப் படியில் சுவக்கீன் கிட்டாரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். மேனேஜர் போட்ட கம்பிகளை முழுக்கக் கழற்றிவிட்டான். தந்தப் பட்டை அவன் உள்ளங்கையில் கிடந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சின்னமுத்துவைக் கூப்பிட்டான்.

"இது எனக்கு வேண்டாம்டா. உன் தோளை முறிச்சது. விசாரணை முடியட்டும், வேற நல்ல எலும்பு ராவிப் போட்டுக்கிடுதேன்."

சின்னமுத்து பக்கத்தில் உட்கார்ந்து, எழும்பாத இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"எதுக்குலே மாத்துத? அங்கேயே கெடக்கட்டும். அவன் பேரு அடியில, கம்பி மேல. ஆறையும் நல்லா இறுக்கிக் கட்டு."